மணிக்கு ஒரு ஸ்னாப்ஷாட்!

"ஐயோ... போச்சே!"

கட்டபெட்டு டீ ஃபேக்டரி ஆபீஸிலிருந்து கிளம்பிய அலறல், காலை மூடுபனியைத் தாண்டி ரோடு வரை கேட்டது.

அலறியவர் மேனேஜர் செந்தில்நாதன்.

அரை மணி நேரத்தில் ஜீப் வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் சசிரேகா குதித்து இறங்கினாள்.

"பாடி எங்கே?"

"பாடி இல்லை மேடம்... ஃபோல்டர்!"

"ஒரு ஃபோல்டருக்கா கோத்தகிரியில இருந்து வரச் சொன்னீங்க?"

"ஆறு மாசத்து லேப் ரிப்போர்ட் மேடம்! எங்க டீத்தூள்ல சாயமே இல்லைன்னு சொல்ற ரிப்போர்ட். பதினோரு மணிக்கு அதிகாரிங்க சோதனைக்கு வர்றாங்க. சர்வர்ல ஒண்ணுமே இல்லை. எல்லாத்தையும் அழிச்சது இவதான்!"

அவர் விரல் நீண்ட திசையில் ஆபீஸ் கிளார்க் ராஜகுமாரி. ஸ்வெட்டர் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் இல்லீங்க மேடம்... என்ற கொழந்தைக மேல சத்தியமுங்க!"

"சர்வர் பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்?"

"எனக்கு மட்டுந்தானுங்க."

"எங்கே எழுதி வெச்சிருக்கே?"

"மறந்துருவேன்னு மானிட்டர்லயே ஒட்டியிருக்கறனுங்க."

அந்த ஆபீஸில் ரகசியம் காக்கும் லட்சணம் அப்படி!

டீ வந்தது. சசிரேகா உறிஞ்சினாள்.

"கலர் பிரமாதம் சார்!"

"எங்க ஸ்பெஷல் மேடம்" என்ற செந்தில்நாதன், தனக்கு மட்டும் வெந்நீர் ஊற்றிக்கொண்டார்.

ஆபீஸில் சர்வரை நிறுவிக்கொடுத்த கம்ப்யூட்டர்காரன், குன்னூர் பெனிஸ் வந்து சேர்ந்தான்.

"பயப்படாதீங்க மேடம். இந்த சர்வர் மணிக்கு ஒரு தடவை, ஃபைல் எல்லாத்தையும் அப்போ இருக்கற நிலைமையிலயே பிடிச்சு வெச்சுக்கும். அதுக்குப் பேர் ஸ்னாப்ஷாட். யார் எதை அழிச்சாலும் அதிலிருந்து மீட்டுடலாம்."

கீபோர்டைத் தட்டினான். முகம் வெளுத்தது.

"மேடம்... ஸ்னாப்ஷாட்டும் காலி! நேத்து சாயங்காலம் நாலு மணிக்கு, இதே ரூம்ல உட்கார்ந்து, ராஜகுமாரி பேர்ல நுழைஞ்சு ஒண்ணு விடாம அழிச்சிருக்காங்க."

"கேட்டீங்களா!" செந்தில்நாதன் துள்ளினார். "நாலு மணிக்கு நான் பர்லியார்ல மங்குஸ்தான் பழம் வாங்கிட்டிருந்தேன்!"

சசிரேகா ராஜகுமாரியின் பக்கம் திரும்பினாள்.

"கிளம்பும்மா, ஸ்டேஷனுக்கு."

"ஸ்னாப்ஷாட் எங்கயும் போகலீங்க மேடம்! என்ற போன்ல இருக்குதுங்க!"

"என்னது...?"

"சர்வர் வெச்ச அன்னைக்கு பெனிஸ் சார்தானுங்க சொன்னாரு, மணிக்கு ஒரு ஸ்னாப்ஷாட் கட்டாயம் இருக்கோணும்னு. ஒரு நாளும் தவறுனதில்லீங்க. வாசப்படியில நின்னு, உள்ள யாரு இருக்காங்கன்னுகூடப் பாக்காம ஒண்ணு எடுத்துட்டு ஓடிருவனுங்க."

பெனிஸ் தலையில் அடித்துக்கொண்டான். ஆறு மாதமாக, மணிக்கு ஒரு தடவை, சர்வரை போட்டோ எடுத்திருக்கிறாள்!

சசிரேகா போனை வாங்கி, படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள்.

சர்வர். சர்வர். பூனையோடு சர்வர். சர்வர்.

நேற்று, நாலு மணி...

சர்வர். அதன் முன்னால், குரங்குக் குல்லாவோடு செந்தில்நாதன்!

அழிப்பதற்கு முன் கடைசியாக ஒருமுறை ஆசையாகப் பார்த்திருக்கிறார், பாவம். திரையில் லேப் ரிப்போர்ட் விரிந்து கிடந்தது. சசிரேகா படத்தைப் பெரிதாக்கினாள்.

'செயற்கைச் சாயம்: உள்ளது.'

மெல்ல டீ கப்பைக் கீழே வைத்தாள். செல்போன் கேமராவில் நாக்கை நீட்டிப் பார்த்துக்கொண்டாள். பிரமாதமான கலர்!

"ரிப்போர்ட்டும் கிடைச்சாச்சு, ஆளும் கிடைச்சாச்சு. மங்குஸ்தான் எங்கே சார்?"

செந்தில்நாதனுக்கு அந்தக் குளிரிலும் வியர்த்தது. ராஜகுமாரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"மேடம்... அந்த ஒரு போட்டோவை மட்டும் அழிச்சிடலாமே..." என்று குழைந்தார் செந்தில்நாதன்.

சசிரேகா விலங்கை மாட்டினாள்.

"கவலைப்படாதீங்க சார். ஸ்டேஷன்ல நாங்களும் ரெண்டு ஸ்னாப்ஷாட் எடுப்போம். நேரா ஒண்ணு... சைடுல ஒண்ணு. அதை எந்த பாஸ்வேர்டு போட்டாலும் அழிக்க முடியாது!"