ஏரி இன்னும் இருக்கிறதா

"மூணாவது தட்டு எதுக்கு?" என்று ஹார்மென் கேட்டது எதிர்வீட்டுச் சமையலறை வரை கேட்டது.

"எதுக்குன்னு உனக்குத் தெரியாதா?" என்று வீப்கே திருப்பிக் கேட்டது அதற்கும் அடுத்த வீட்டுக்குக் கேட்டது.

நெதர்லாந்தின் வடக்கே, எங்கள் ஃப்ரீஸ்லாந்துத் தெருவில் யாரும் ஜன்னலுக்குத் திரை போடுவதில்லை. மறைக்க எங்களிடம் ஒன்றுமில்லை என்று காட்டிக்கொள்வதில் அப்படியொரு பெருமை. அதனால் புருஷன் பெண்டாட்டி சண்டையை ஒட்டுக்கேட்க யாரும் சிரமப்பட வேண்டியதில்லை. ஜன்னலோரச் செடிக்கு நிதானமாகத் தண்ணீர் ஊற்றினால் போதும். கோடை விடுமுறை தொடங்கியதும் பாதித் தெரு காருக்குப் பின்னால் கேரவன் என்கிற சக்கர வீட்டைக் கட்டிக்கொண்டு, ஆஸ்திரியாவில் உருளைக்கிழங்கே விளையாது என்பதுபோல் ஒரு மூட்டையையும் ஏற்றிக்கொண்டு, தெற்கே புறப்படும். சாமான் ஏற்றும்போது வாசலுக்கு வாசல் சண்டை நடப்பது வழக்கம்தான். ஆனால் அன்று எங்கள் செடிகளுக்கெல்லாம் தண்ணீர் கொஞ்சம் அதிகமாகிவிட்டது.

வீப்கே கையில் இரண்டு வெள்ளைத் தட்டுகளும், வாத்துப் படம் போட்ட மஞ்சள் தட்டு ஒன்றும் இருந்தன. அக்குளில் ஒரு சின்ன ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை. மஞ்சள் தட்டும் மிதவைச் சட்டையும் ஃபென்னாவுடையவை. ஃபென்னா அவர்களுடைய ஒரே மகள். முந்தைய வருஷத்துக்கு முந்தைய கோடையில், ஏழு வயதில், அவர்கள் வருஷா வருஷம் போகும் ஆஸ்திரிய ஏரிக்கரை முகாமில் தொலைந்துபோனவள்.

முகாமுக்குப் போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை கேரவனைச் சமமாக நிறுத்துவது. ஹார்மென் அதில் கறார். தரையில் ரசமட்டத்தை வைத்து, குமிழி நட்டநடுவில் வந்து நிற்கும்வரை காப்பிகூடக் கிடையாது. அடுத்தது கேரவன் வாசலையொட்டிக் கட்டும் முன்கூடாரம். முன்கூடாரம் கட்டும் நேரத்தில், எத்தனை வருஷம் சேர்ந்து வாழ்ந்த தம்பதிக்கும் ஒருவரையொருவர் திட்டப் புதுப்புது வார்த்தைகள் கிடைக்கும். பிள்ளைகள் காலடியில் சுற்றாமல் இருக்க எங்கேயாவது விரட்டிவிடுவார்கள். ஹார்மென் விரட்டுவது வருஷா வருஷம் ஒரே கேலியோடுதான். "போ, ஏரி இன்னும் இருக்கான்னு பாத்துட்டு வா." ஃபென்னா ஓடுவாள். மூச்சிரைக்கத் திரும்பி வந்து, காவலாளிபோல் நிமிர்ந்து நின்று, "இருக்குப்பா, நனைஞ்சுபோய் இருக்கு" என்பாள்.

அந்த வருஷமும் ஓடினாள். ஒரு கம்பி மாட்டிக்கொண்டது. நீ இழுத்ததுதான் தப்பு என்று அவன், நீ பிடித்ததுதான் தப்பு என்று அவள். கம்பி நேரானபோதுதான் யாரும் வந்து பதில் சொல்லவில்லை என்பது உறைத்தது. மிதவைச் சட்டை கேரவனுக்குள் கொக்கியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. முங்கித் தேடுகிறவர்கள் நாள்கணக்காகத் தேடினார்கள். ஆழமான ஏரி. எதையும் திருப்பித் தரவில்லை.

போன கோடையில் இருவரும் எங்கும் போகவில்லை. வீப்கே மகளின் கட்டிலில் முழங்காலை மடக்கிப் படுத்தே வருஷத்தைக் கழித்தாள். ஹார்மெனுக்கு மிஞ்சியிருந்தது அவள் ஒருத்திதான், அவளும் கைநழுவிக்கொண்டிருந்தாள். இந்தப் பயணம் அவளை மீட்பதற்காக அவன் யோசித்துவைத்த ஏற்பாடு.

"கடைசியா ஒரு தடவை அவகிட்ட விடைபெத்துட்டு வந்துடலாம், வீப்கே. கேரவனை வித்துடலாம். மறுபடி நாம ரெண்டு பேரும் வாழ்ந்து பாக்கலாம்."

"நீதானே அவள அனுப்புன? அவ வந்து சொல்றப்ப கேக்க ஆள் வேண்டாமா?"

மூன்று தட்டுகளும் ஏறின.

ஜெர்மனிக்குள் நுழைந்து முதல் தடவை பிரேக்கை அழுத்தியபோது பின்னாலிருந்து அந்தச் சத்தம் வந்தது. சளக். நிறைந்த அண்டாவைத் தூக்கிப்போகும்போது விளிம்பில் தண்ணீர் மோதித் திரும்புமே, அந்தச் சத்தம். கேரவனின் தண்ணீர்த் தொட்டியை அவன் தன் கையால் வடித்திருந்தான், மூடியைக்கூடத் திறந்தே விட்டிருந்தான். குளிர்காலத்தில் கேரவனைத் தன் கொட்டகையில் நிறுத்த இடம் கொடுக்கும் லொல்கே அதை ஒப்படைக்கும்போது புலம்பியது இப்போது நினைவுக்கு வந்தது. உன் வண்டி ரெண்டு குளிர்காலமா அழுதுக்கிட்டே இருக்கு, வாளி வச்சு வச்சு என் இடுப்பு போச்சு என்றான். தொட்டி காய்ந்துகிடக்கிறதே என்று ஹார்மென் சொன்னதற்கு, "அப்ப நான்தான் அடியில உக்காந்து ஒண்ணுக்குப் போனேன்னு வச்சுக்கோ" என்றான் லொல்கே. ஐம்பதை நெருங்கிய பிரம்மச்சாரி, பேச்சு அப்படித்தான்.

பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில் ஹார்மென் குனிந்து தொட்டிக்குள் விரல்விட்டுப் பார்த்தான். தூசி. கேரவன் கதவைத் திறந்தான். வெயிலில் வெந்த பிளாஸ்டிக் வாசனைதான் வரவேண்டும். வந்தது பாசியும் சேறும் ஊறிய பலகையுமான வாசனை, மலையேரியின் அடியிலிருந்து கிளம்பும் குளிர்ந்த வாசனை, கோடை நடுவில் முகத்தில் ஈரத்துணி போட்டதுபோல. பின்கோடியில், ஃபென்னாவின் குறுகிய படுக்கையில், தலையணை நடுவில் குழிந்திருந்தது. கதவைச் சாத்திவிட்டு உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். உள்ளே அவன் எதையும் தொட்டிருக்கவில்லை. ஆனாலும் கை நனைந்திருந்தது.

காரில் வீப்கே சின்னதாக ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு, அதிமதுர மிட்டாய்ப் பொட்டலத்தைப் பிரித்தாள். அவனுக்கு ஒன்று, தனக்கு ஒன்று. மூன்றாவதை எடுத்து, திரும்பாமலே, கையைப் பின்னிருக்கைப் பக்கம் நீட்டினாள். கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, "இங்க இல்லல்ல, பின்னால இருக்கா" என்று தானே சொல்லிக்கொண்டு வாயில் போட்டுக்கொண்டாள். வருஷக்கணக்கில் இல்லாத நிம்மதி அவள் முகத்தில். ஹார்மெனுக்குச் சளக்கென்ற சத்தத்தைவிட அந்த நிம்மதிதான் பயமாக இருந்தது.

மலைகள் வந்தன. ஏற்றத்தில் கார் மூச்சுத் திணறியது, மூன்று தட்டும் ஒரு மூட்டை உருளைக்கிழங்கும் ஏற்றிய வண்டியை இழுப்பதுபோல இல்லை. நீண்ட சுரங்கத்துக்குள் நுழைந்ததும் மஞ்சள் விளக்குகள் ஒவ்வொன்றாக மேலே கடந்து போயின. ஒவ்வொரு விளக்கு கடக்கும்போதும் கேரவனின் முன்ஜன்னல் காரின் பின்பார்வைக் கண்ணாடியில் ஒருகணம் தெளிந்து மறைந்தது. உள்ளே வெளிறிய ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. வண்டி குலுங்கும் வேகத்துக்கு இல்லை. மெதுவாக. வேறு தாளத்தில். நீருக்குள் தலைமுடி ஆடுவதுபோல.

விளக்கு. முடி. இருட்டு.

விளக்கு. முடி. ஜன்னலில் ஒட்டிய ஐந்து விரல்.

இருட்டு.

அதற்குப் பிறகு அவன் பின்னால் பார்க்கவில்லை.

முகாமில் அதே இடத்தை ஒதுக்கியிருந்தார்கள். வெயில் இன்னும் இறங்கவில்லை. பக்கத்துக் கூடாரத்தில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் எண்பலகையைப் பார்த்தார்கள், பிறகு அவர்கள் முகத்தைப் பார்த்தார்கள், பிறகு சீட்டைப் பார்த்தார்கள். பின்னால் எடு, இடதுபுறம் ஒடி என்று இலவசமாகக் கத்த எப்போதும் நாலு பேர் கூடுவார்கள். அன்று ஒருவர்கூட எழுந்து வரவில்லை.

கை எதையாவது செய்துகொண்டிருக்க வேண்டும் என்பதற்காக ஹார்மென் ரசமட்டத்தை எடுத்தான். கேரவனின் வாசற்படி உள்பக்கம் அதை வைத்தான். பின்புறம் இறங்கியிருந்தது, ஃபென்னாவின் படுக்கை இருக்கும் பக்கம். பலகை கொடுத்து உயர்த்தினான். குமிழி அசையவில்லை. இன்னொரு பலகை. அசையவில்லை. நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தான்.

குமிழி தானாக நகர்ந்தது.

மெல்ல. ஒரு நிறுத்தம். மறுபடி மெல்ல. நடைபோல. சின்னக் கால்களின் நடைபோல. கனம் படுக்கையிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தது. படுக்கை. அடுப்பு. மேசை. கனம் அவன் பக்கம் வரவர, குமிழி எதிர்ப்பக்கம் ஒதுங்கியது.

அவன் ரசமட்டத்தைப் பிடுங்கிக்கொண்டு கதவை அடித்துச் சாத்தினான்.

உள்ளேயிருந்து தட்டும் சத்தம். இடுப்பு உயரத்தில்.

"அப்பா."

அவன் கதவை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தான்.

"ஏரி அங்க இல்லப்பா. இங்க இருக்கு."

கதவின் இடுக்கில் ஒரு துளி திரண்டு, நின்று, விழுந்தது.

"நான் அப்பவே வந்து சொன்னேன். நீங்க சண்டை போட்டுட்டு இருந்தீங்க."

அவனை விலக்கிக்கொண்டு வீப்கே வந்தாள். தோளில் பெரிய துவாலை. குளித்து நடுங்கி வரும் பிள்ளையைச் சுற்றிக்கொள்ள எந்த அம்மாவும் எடுத்துவரும் துவாலை. கைப்பிடியை அழுத்தித் திறந்தாள்.

தண்ணீர் வெளியே கொட்டவில்லை.

நின்றது. நிலைக்கால் முழுக்க, கீழிருந்து மேல்வரை, செங்குத்தாக, கரும்பச்சையாக. கேரவனுக்குள் அத்தனை ஆழம் இருக்க முடியாது. ஆனால் இருந்தது. தூரத்தில், வெளிச்சம் தீர்ந்துபோகும் இடத்தில், மஞ்சள் தட்டு மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது. நிலைக்காலுக்குப் பக்கத்தில், தண்ணீரின் தோலுக்கு அந்தப் பக்கம், விரல் நுனி சுருங்கிப்போன ஒரு சின்னக் கை.

வீப்கே தன் கையை உள்ளே விட்டாள். சட்டைக் கை முழங்கைவரை நனைந்து கறுத்தது. சின்னக் கை அவளுடைய ஒரு விரலை மட்டும் பிடித்துக்கொண்டது, ரோடு கடக்கும்போது பிடிப்பதுபோல. அவள் ஹார்மெனைத் திரும்பிப் பார்த்தாள். கோபம் துளியும் இல்லை.

"நீ வரல?"

ஒரே ஒரு படி. அவன் கால் எழவில்லை. கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் பிடித்துக்கொண்டு மட்டும் நின்றான்.

அவள் உள்ளே போனாள், முடி மெல்ல மேலெழுந்து விரிந்தது. துவாலையும் விரிந்தது. கதவு அவன் பிடியிலிருந்து நழுவித் தானாகச் சாத்திக்கொண்டது.

அந்த வாரம் முழுக்க ஏரியில் மறுபடி தேடினார்கள். காவலர்கள் கேரவனையும் திறந்து பார்த்தார்கள். உள்ளே ஈரம்கூட இல்லையாம். காய்ந்த தலையணையும் வெள்ளைத் தட்டுகள் இரண்டும் மட்டும்தானாம். கேரவனை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம் என்று எல்லோரும் சொன்னோம். ஹார்மென் விடவில்லை. ஐரோப்பாவின் பாதித் தூரத்தையும் ஊர்ந்தே கடந்து வந்தான். லாரிக்காரர்கள் ஒலியெழுப்பித் திட்டியும் வேகமெடுக்கவில்லை. திடீரென்று பிரேக் போட்டால் உள்ளே இருப்பவர்கள் மோதிக்கொள்வார்களே.

வீப்கே ஒரு ஆஸ்திரியாக்காரனோடு போய்விட்டாள் என்று தெருவில் பேசிக்கொண்டோம். காப்பிக்கு அந்தக் கதைதான் சௌகரியமாக இருந்தது. அவர்கள் வீட்டை ரொட்டிக்கடைக்காரர் மகள் ஈட்யே கல்யாணமான கையோடு வாங்கினாள். வந்ததும் முதல் வேலையாக ஜன்னலுக்குத் திரை போட்டாள். அதை நாங்கள் இன்னும் மன்னிக்கவில்லை. லொல்கேவுக்கும் ஒருவழியாகப் பக்கத்து க்ரோனிங்கன் நகரத்துக்காரி ஒருத்தி அமைந்தாள். கொட்டகைப் பக்கமிருந்து ராத்திரி பகலாகச் சொட்டும் சத்தத்தை ஒரு குளிர்காலம் பொறுத்தவள், அந்த வண்டியா நானா என்று கேட்டுவிட்டாள். இருவரும் நகரத்துக்குக் குடிபோனார்கள். கொட்டகையின் மேலறையை ஹார்மென் வாடகைக்கு எடுத்துக்கொண்டான்.

சாயங்காலம் அந்தப் பக்கம் சைக்கிளில் போகிறவர்கள் வேகத்தைக் குறைப்பதுண்டு, பார்ப்பதற்காக அல்ல, தற்செயலாக. கேரவனுக்கு அடியில் வாளிகள் நிறைந்து வழியும். அவன் கதவைத் தட்டி, முகத்தை அதில் வைத்து, ஏரி இன்னும் இருக்கா என்று கேட்பான். பதில் இரண்டு குரலில் வரும். ஒன்று இடுப்பு உயரத்திலிருந்து. ஒன்று அவன் காதோரத்திலிருந்து. பிறகு இரண்டும் சேர்ந்து, நீ வரல என்று கேட்கும்.

கைப்பிடி மெதுவாகக் கீழே இறங்கும். அவன் அதைப் பிடித்துக்கொள்வான், திறக்கவா மூடவா என்று அவனுக்கே தெரியாமல். வெளியிலிருந்து ஒரு கை. உள்ளிருந்து இரண்டு.