ஏழாவது சிடி

சிடி ஈரமாக இருந்தது.

கண்ணாடிக்கடைக்காரன் அதைக் கவனித்தது ஒரு திங்கட்கிழமை மத்தியானம். கடைக்கு வார விடுமுறை. மனைவி அலுவலகம் போயிருந்தாள். பதினான்கு மாதக் குழந்தை குட்டி, பக்கத்து அறையில் தரையில் விரித்த மெத்தையில் தூங்கிக்கொண்டிருந்தாள். நேற்று இரவு காய்ந்த துணியால் துடைத்து மூடிவைத்த டப்பா அது. திறந்து விளிம்பில் விரல் வைத்ததும் வழுக்கியது. நாள் முழுக்க மூக்குக்கண்ணாடி துடைப்பவனுக்குத் தண்ணீர் எது, வேறு எது என்று தெரியாதா? விரல்களைப் பிரித்தபோது நடுவே மெல்லிய நூல் ஒன்று நீண்டு அறுந்தது.

சீ என்று வாய்விட்டே சொன்னான்.

அருவருப்பு அவனுக்குக் கூடப்பிறந்தது. ரிப்பேருக்கு வரும் கண்ணாடிகளில், மூக்கை அழுத்தும் அந்தச் சின்ன ரப்பர்களைச் சுற்றிப் பச்சையாக ஓர் அழுக்கு படிந்திருக்கும். ஊரில் உள்ளவர்களின் வியர்வையும் எண்ணெயும் வருஷக்கணக்கில் ஊறியது. அதை இடுக்கியால்தான் தொடுவான், அப்புறம் அரைமணி நேரத்துக்குக் காபிகூட இறங்காது. இப்படிப்பட்டவனுக்குப் போய் அறுபது வருஷத்துக்கு முந்தைய பாட்டின் மேல் பித்து. ராக், கன்ட்ரி, அலையில் சறுக்குகிறவர்களுக்காக வாசித்த சர்ஃப் கிதார் என்று எதையும் விடமாட்டான். ஆனால் பழைய இசைத்தட்டைக் கையால் தொடமாட்டான். யார் யார் மடியில் கிடந்ததோ, யார் தும்மினார்களோ! அதனால் சிடியில் மறுபதிப்பாக வருவதைத்தான் வாங்குவான். பாட்டு பழசு, மேலே சுற்றிய பிளாஸ்டிக் புதுசு. முதல் ஆளாக அவன் நகம்தான் அதைக் கிழிக்க வேண்டும். கூடத்துச் சுவர் முழுக்க, தரையிலிருந்து தலை உயரம் வரை, ஆயிரத்துச் சொச்சம் சிடிகள் அப்படித்தான் சேர்ந்தன.

எட்டு பாகமாக வந்த சர்ஃப் தொகுப்பு ஒன்றில் ஏழாவது மட்டும் அவனிடம் இல்லை. பதிப்பு தீர்ந்து பத்து வருஷம் ஆகிறது. ஆறுக்கும் எட்டுக்கும் நடுவே இருந்த அந்த விரல் அகல இடைவெளி, பல் விழுந்த இடத்தை நாக்கு தேடுவதுபோல் அவன் கண்ணைத் தினமும் இழுத்தது. அதற்காகத்தான் வாழ்நாளில் முதல்முறையாக இன்னொருவர் வைத்திருந்ததை வாங்கினான்.

வைத்திருந்தவர் இறந்துபோய் ஒரு மாதம். அவருடைய அக்காதான் சனிக்கிழமை கதவைத் திறந்தாள். வீட்டுக்குள்ளேயே கையுறை போட்டிருந்தாள். சிடியை இரண்டு விரலால் பிடித்து நீட்டினாள்.

"மூணு தடவை கழுவிட்டேன். சோப்பு போட்டுத்தான்."

சுத்தமான மனுஷி என்று அவனுக்கு மனசு குளிர்ந்தது. "நல்லா வச்சிருந்திருக்காரு. ஒரு கீறல் இல்லையே."

"அவனுக்கு இதுதான் உயிரு. ஒருத்தரையும் தொட விடமாட்டான். துணி பட்டாக்கூடக் கீறல் விழும்னு துணியே வைக்கமாட்டான்."

"துணி இல்லாம எப்படித் துடைப்பாரு?"

அவள் வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டாள்.

அவனும் அதை அதோடு விட்டிருக்க வேண்டியதில்லை. ஆனால் ஏழாவது கையில் கிடைத்த சந்தோஷத்தில் வேறு எதுவும் மண்டையில் ஏறவில்லை. உள்ளே இருந்த அட்டைப் புத்தகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, வழியிலேயே பழைய டப்பாவை எறிந்துவிட்டுப் புது டப்பா மாற்றினான். வீட்டில் குழந்தை வந்ததிலிருந்து மனைவி போட்ட சட்டம் ஒன்றே ஒன்று: அடுத்தவர் புழங்கிய பொருள் வாசற்படி தாண்டக் கூடாது. நான்கு பல் முளைத்த குட்டிக்கு ஈறு அரிப்பு தாங்கவில்லை, கைக்கு அகப்பட்டதெல்லாம் வாய்க்குத்தான். நாளைக்குப் பத்துமுறை "ஆ காட்டு" என்பான். அவள் சமர்த்தாக வாயைத் திறப்பாள். பொத்தானோ காகிதமோ விரல் விட்டு எடுப்பான். அந்தச் சின்ன வாய்க்குள் அழுக்கு போய்விடக் கூடாது என்பதுதான் அவனுக்கு இருந்த ஒரே பெரிய பயம்.

"புதுசுதானே?" என்று மனைவி அடுக்களையிலிருந்து கேட்டாள்.

"புதுசுதான். பிரிச்சதே இப்பத்தான்." இதைச் சொல்ல அடுக்களை வாசல்வரை போனான். திரும்பி வருவதற்குள் சோபாவில் வைத்த சிடி குட்டியின் வாயில் இருந்தது. வெடுக்கென்று பிடுங்கினான். கைக்குட்டையால் அவள் நாக்கை வழித்து வழித்துத் துடைத்தான். குழந்தை அழவே இல்லை. மனைவியிடம் அவன் மூச்சுவிடவில்லை.

அதெல்லாம் இப்போது, இந்தத் திங்கட்கிழமை மத்தியானம், நினைவுக்கு வந்தது. லென்ஸ் துடைக்கும் திரவத்தைத் தெளித்து, நடுவிலிருந்து விளிம்புக்கு, நேர்கோடாக, ஒவ்வொரு இழுப்புக்கும் கொஞ்சம் திருப்பித் திருப்பித் துடைத்தான். வட்டமாகத் துடைப்பவன் சிடியைக் கெடுப்பான். சேகரிப்பவர்களுக்கெல்லாம் தெரிந்த பாடம் அது. துடைத்த துணியை முகர்ந்து பார்த்தது தப்பு. விடிந்து பல் தேய்க்காத வாயின் வாடை. சொத்தைப் பல்லும் வெற்று வயிறும் கலந்த, வயசான ஓர் ஆண்வாடை.

குமட்டியது. இருந்தும் ஒருமுறை கேட்டுவிடலாம் என்று தோன்றியது. இந்தப் பித்துப் பிடித்தவர்களின் புத்தி அப்படி.

ஹெட்போனை மாட்டினான். கிதார் எழுந்தது. அந்தக் காலத்து சர்ஃப் ஆட்கள் கிதார் ஒலியை ஸ்பிரிங் பெட்டிக்குள் அனுப்பி அலையவிடுவார்கள். ஒவ்வொரு சுரமும் தண்ணீர் சொட்டச் சொட்ட வெளியே வரும். கண்ணை மூடி லயித்தான். முதல் பாட்டு முடிந்து இரண்டாவது தொடங்குமுன் இருந்த அமைதியில் யாரோ எச்சில் விழுங்கினார்கள். ஒலிப்பதிவுக் கூடத்துச் சத்தமாக இருக்கும் என்று நினைத்தான். மறுபதிப்புக்காரர்கள் சிலசமயம் அதையெல்லாம் வெட்டாமல் விடுவதுண்டு. இரண்டாவது பாட்டு முடிந்தும் விழுங்கினார்கள். மூன்றாவது முடிந்ததும் சத்தம் இன்னும் பக்கத்தில் கேட்டது.

அட்டைப் புத்தகத்தில் பதினான்கு பாட்டு. பிளேயரின் திரையில் பதினைந்து என்று இருந்தது.

எங்கும் பட்டியலில் சேராத ஒரு பாட்டு! பயத்தையும் மீறி அவனுக்கு எச்சில் ஊறியது. நேரே பதினைந்தைத் தட்டினான்.

கிதார் இல்லை. டிரம் இல்லை. மூக்கால் விடும் மூச்சு மட்டும். அப்புறம் சொரசொரப்பான எதுவோ வழவழப்பான ஒன்றின்மேல் மெதுவாக இழுபடும் சத்தம், இழுத்து முடித்ததும் ஒரு சப்பு. கொஞ்சம் இடைவெளி. மறுபடி இழுப்பு, மறுபடி சப்பு. நடுநடுவே அடித்தொண்டையில் ஒரு முனகல், ஏதோ மெட்டு. மூன்று சுரம் ஏறி ஒரு சுரம் இறங்கியது. துணியே வைக்கமாட்டான் என்று அந்த அக்கா சொன்னது இப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

இழுப்பு இடது காதில் தொடங்கி வலது காதுக்குப் போனது. சூடாக இருந்தது. காதுக்குள் சூடாக.

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தான். காதைத் தொட்டான். ஈரம். ஹெட்போனின் பஞ்சும் ஊறிப்போயிருந்தது.

பிளேயரைத் திறந்தபோது சிடி எழ மறுத்தது. தட்டோடு ஒட்டிக்கொண்டு, நூல்நூலாக இழுபட்டு, கடைசியில் ஒரு சப்போடு வந்தது. அடிப்பக்கம் முழுவதும் கோடுகள், நடுவிலிருந்து விளிம்புக்கு, நேர்கோடுகள். பாலிதீன் பையில் போட்டான், இரண்டு முடிச்சுப் போட்டான், வாசலுக்கு வெளியே இருந்த குப்பைத்தொட்டியின் அடியில் திணித்தான். கையை மூன்று தடவை கழுவினான். சோப்பு போட்டுத்தான். மூன்றாவது தடவை கழுவும்போது அந்தக் கையுறைக்காரி நினைவுக்கு வந்தாள். கழுவுதொட்டியிலேயே வாந்தி எடுத்தான்.

திரும்பிக் கூடத்துக்கு வந்தான். வாடை போகவில்லை. அதிகமாகியிருந்தது.

எட்டாவது பாகத்தை எடுத்தான். திறந்தான். ஈரம்.

ஆறு. ஈரம்.

கன்ட்ரி வரிசையில் ஒன்று. ஈரம். இன்னொன்று. ஈரத்தில் ஒரு ரொட்டித்துணுக்கு ஒட்டியிருந்தது. பாலில் நனைத்த ரொட்டி. காலையில் குட்டிக்கு அவன் ஊட்டியது.

மேல்தட்டில் ஒன்றை எடுத்துத் திறந்தான். காய்ந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அதுவும் காய்ந்திருந்தது. அடியிலிருந்து மூன்று தட்டுகள் மட்டும்தான் ஈரம். அவன் இடுப்பு உயரம்வரை. எட்டிப் பிடிக்கும் ஒரு குழந்தைக் கை உயரம்வரை.

சனிக்கிழமையிலிருந்து. ஐயோ, சனிக்கிழமையிலிருந்து.

"குட்டி?"

மெத்தை காலியாக இருந்தது. போர்வை சூடாக இருந்தது.

சத்தம் கேட்டது. இழுப்பு, சப்பு. ஹெட்போன் தரையில்தான் கிடந்தது, பிளேயர் அணைந்திருந்தது. சத்தம் சோபாவுக்குப் பின்னாலிருந்து வந்தது.

எட்டிப் பார்த்தான்.

அவனுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் திறந்த டப்பாக்கள், ஒன்றின்மேல் ஒன்றாக, பெயர் எழுதிய ஓரம் ஒரே பக்கம் பார்க்க அடுக்கியிருந்தன. கரண்டியைக்கூட ஒழுங்காகப் பிடிக்கத் தெரியாத குழந்தை, நடு ஓட்டையில் விரலைக் கொடுத்து சிடியைப் பிடித்திருந்தாள். பரப்பில் ஒரு விரல் படவில்லை. தலை குனிந்தாள். நடுவிலிருந்து விளிம்புக்கு, நேராக ஓர் இழுப்பு. சப்பு. கொஞ்சம் திருப்பினாள். மறுபடி ஓர் இழுப்பு. சிடியை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகச் சாய்த்து, ஒற்றைக் கண்ணை மூடிக் கீறல் பார்த்தாள். அடித்தொண்டையில் முனகினாள். மூன்று சுரம் ஏறி ஒரு சுரம் இறங்கியது.

அவன் ஓரடி பின்வாங்கினான். கூப்பிட்டிருந்தாலும் "ஆ காட்டு" என்று சொல்லியிருக்க மாட்டான்.

குட்டி திரும்பினாள். அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு தினமும் செய்வதுபோல், சமர்த்தாக, தானே வாயைத் திறந்தாள்.

முன்னால் நான்கு பால்பல். அதற்குப் பின்னால் மஞ்சள் படிந்து, நடுவே வெடித்து, ஓரமெல்லாம் பல் பதிந்த தழும்போடு, மடித்து மடித்து அடைத்து வைத்திருந்த ஒரு வயசான ஆளின் நாக்கு. அது மெதுவாக மடிப்புப் பிரிந்து, உதட்டைத் தாண்டி, மோவாயைத் தாண்டி, அடுத்த சிடியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.