ஏற்றமில்லாத பாதை

"அப்பாவக் காட்டித்தான் நாம பொழைக்கணுமாம்மா?"

மகன் லோகேஸ்வரன் கேட்டான். செல்லம் அடுப்பில் கொதித்த கஞ்சியைக் கிளறிக்கொண்டே நின்றாள்.

"பிரிஞ்சாங் டவுன்ல எல்லா வேன்காரனும் கேக்கறான். உங்கம்மா உங்கப்பாவ வீல்சேர்ல உக்கார வச்சு டூரிஸ்டுங்களுக்கு வேடிக்கை காட்டுறாங்களாமேன்னு. எனக்கு மூஞ்சிய எங்க வச்சிக்கறதுன்னு தெரியலலா…"

"மெதுவாப் பேசுப்பா. அவருக்குக் கேக்கும்."

"கேக்கட்டும். யாரோட யோசனை இது?"

செல்லம் உள்ளறைப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். "என்னோடதுதான்" என்றாள்.

லோகேஸ்வரன் வாசலில் இருந்த சக்கர நாற்காலிகளையெல்லாம் மடக்கித் தன் சுற்றுலா வேனில் ஏற்றினான். மருமகள் ரூபினி, "என்னங்க, மாமா காலைல வெளிய போகணுமே…" என்று தொடங்கினாள். அவன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். வேன் மலையிறங்கிப் போனது.

கணவர் சிங்காரம் தேயிலைத் தோட்டத்தில் லோரி ஓட்டியவர். பக்கவாதம் அவருடைய வலப்பக்கத்தையும் பாதிப் பேச்சையும் எடுத்துக்கொண்டது. கோலா தெர்லா ஊரிலிருந்த வீட்டில் அவர் படுத்திருந்த அறையின் ஜன்னலைத் திறந்தால், காய்கறித் தோட்டத்தின் பிளாஸ்டிக் கூரைதான் தெரியும். இதற்கெல்லாம் முன்பு ஒரு நாள் அவர் இடது கையால் செல்லத்தின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "வெளிய… கொண்டு போ. இல்லன்னா… நான் இப்படியே… செத்துப்போறேன்." பிறகு கண்ணீரோடு இன்னொன்றும் கேட்டார். "பையன்கிட்ட… சொல்லாத. அப்பா அழுதான்னு… அவனுக்குத் தெரியக்கூடாது."

செல்லம் சத்தியம் செய்து கொடுத்தாள்.

தேயிலைத் தோட்ட மேலாளரான துரையிடம் போய் அனுமதி கேட்டாள். மலையின் இடுப்பைச் சுற்றி ஏற்றமே இல்லாமல் ஓடும் பழைய டிராக்டர் பாதையில் அவரைத் தள்ளிக்கொண்டு போனாள். அங்கேதான் அவள் அதைக் கவனித்தாள். நின்று பறிப்பவர்கள் முதுகை வளைக்க வேண்டும். உட்கார்ந்திருப்பவருக்கோ கொழுந்து நெஞ்சுக்கு நேரே, கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது! சிங்காரம் இடது கையால் ஒரு கொழுந்தைக் கிள்ளி, மோந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். நோய் வந்த பிறகு அவர் சிரித்து அவள் பார்த்தது அன்றுதான்.

தேயிலை மலையைப் பார்க்க வரும் குடும்பங்களில், பிள்ளைகள் மேலே ஏறிப் படம் பிடிக்க, நடக்க முடியாதவர்கள் வேனுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதைச் செல்லம் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். அவர்களையும் இந்தப் பாதையில் அழைத்துப் போனால் என்ன?

பக்கத்து ஊரான கம்போங் ராஜாவில் வெல்டிங் கடைக்காரரைப் பிடித்துப் பழைய சக்கர நாற்காலிகளுக்குக் காய்கறி வண்டியின் அகலமான டயர்களைப் போட வைத்தாள். செம்மண்ணில் அவை புதையவில்லை. முதலில் வந்தவர் பிரிஞ்சாங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் அப்துல் முத்தலிப். சர்க்கரை நோயில் ஒரு காலை இழந்தவர்.

"இந்த மலையிலேயே பொறந்தவன் நான். இப்பத்தான் இதுக்குள்ள வர்றேன் தங்கச்சி" என்றார். அதன்பின் தன் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் செல்லத்தின் பெயரைச் சொன்னார். வந்தவர்களுக்குச் சிங்காரம் தன் லோரிக் கதைகளைச் சொல்வார். ஒவ்வொரு வார்த்தைக்கும் அவர்கள் காத்திருந்தார்கள். அவசரம் யாருக்கும் இல்லை. போகும்போது கொஞ்சம் பணமும் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

இதைத்தான் லோகேஸ்வரன் வேடிக்கை என்றான்.

நாற்காலி போன நாளிலிருந்து சிங்காரம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கஞ்சியை வாயருகே கொண்டுபோனால் உதட்டை இறுக்கிக்கொண்டார். "சொல்லிடுங்க அத்தை, உங்க பையனுக்கு உண்மை தெரியட்டும்" என்று ரூபினி கெஞ்சினாள். வெளியே போகக் கேட்டது மாமாதான் என்று அவள் எப்படியோ ஊகித்திருந்தாள்.

"உன் மாமாவோட மானம்மா அது. என் பேரு கெட்டா கெட்டுட்டுப் போகட்டும்…" செல்லம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

பள்ளி விடுமுறை வந்தது. ஒரு காலையில் லோகேஸ்வரனின் வேன் வீட்டு வாசலில் வந்து நின்றது. உள்ளே பினாங்கிலிருந்து வந்த குடும்பம். முன்னிருக்கையில் அன்பரசி என்ற ஓய்வுபெற்ற ஆசிரியை. கால்கள் விளங்காதவர்.

"தம்பி, முத்தலிப் கடையில சொன்ன அம்மா இவங்கதானா?" என்று கேட்டார். "போன தடவை வந்தப்ப எங்க வீட்டுல எல்லாரும் மேல போனாங்க. நான் வேன் கண்ணாடி வழியா முன்னால நின்ன பஸ்ஸைப் பாத்துட்டுத் திரும்பிட்டேன். இவங்க இருக்காங்கன்னு கேள்விப்பட்டுத்தான் மறுபடி வந்தேன்."

லோகேஸ்வரன் தலையைக் குனிந்துகொண்டான். "நான் உங்க பையன்னு தெரியாம என் வேனை புக் பண்ணிட்டாங்கம்மா… கேட்டுக்கிட்டே இருந்தாங்க. கூட்டிட்டு வந்துட்டேன்."

"நான் வரலப்பா. நீதானே வேணாம்னு சொன்ன" என்றாள் செல்லம். அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவனை அதிகம் சுட்டது.

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. ரூபினி ஓடிப்போய்ப் பார்த்தபோது சிங்காரம் எழுந்து உட்கார முயன்றுகொண்டிருந்தார். மகன் ஓடிவந்து தாங்கிக்கொண்டான்.

"நான்… கேட்டேன். செத்துப்போறேன்னு… சொன்னேன். அழுதேன்டா…" சிங்காரம் இடது கையால் மகனின் சட்டையைப் பற்றினார். "உங்கிட்ட சொல்லாதன்னு… சத்தியம் வாங்குனேன். அவ… எனக்காக… உங்கிட்ட பேச்சு வாங்குனா."

லோகேஸ்வரன் அப்படியே அம்மாவின் காலடியில் உட்கார்ந்துவிட்டான். "ஏம்மா ஒரு வார்த்தை சொல்லல… என்னென்னவோ பேசிட்டேனேம்மா…"

செல்லம் அவன் தலையை வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். இத்தனை நாள் அடக்கியது உடைந்தது. வாசலில் நின்ற பினாங்குக் குடும்பம் காத்திருந்தது.

அன்று நாற்காலிகளைத் திரும்பக் கொண்டுவந்து, அப்பாவைத் தள்ளிப் போனது லோகேஸ்வரன். அன்பரசி டீச்சர் இரண்டு கைகளாலும் கொழுந்து பறித்து மடி நிறைத்துக்கொண்டார். அவருடைய பிள்ளைகள் மேலே ஏறவேயில்லை. அம்மாவோடு அந்தச் சமபாதையிலேயே நடந்தார்கள்.

அடுத்த ஆண்டுக்குள் வேனின் பின்பக்கம் நாற்காலியை ஏற்றச் சாய்பலகை வந்தது. ரூபினி கைப்பேசியில் முன்பதிவுகளைப் பார்த்துக்கொண்டாள். துரை இன்னொரு டிராக்டர் பாதையையும் திறந்துவிட்டார். கேலி பேசிய வேன்காரர்களே தங்கள் பயணிகளில் நடக்க முடியாதவர்களைச் செல்லத்திடம் கொண்டுவந்து விட்டார்கள். இரண்டு முதியோர் இல்லங்கள் பஸ் வைத்து வந்தன.

அப்படி ஒரு பஸ் வந்த காலையில், பனி விலகிய பாதை நெடுக நாற்காலிகள் வரிசையாக நகர்ந்தன. யாரோ ஒருவர், "இது யாரு யோசனைங்க?" என்று கேட்டார்.

சிங்காரம் இடது கையைத் தூக்கினார். "என்… யோசனை."

எல்லோரும் சிரித்தார்கள். வாழ்நாள் முழுக்க எதையும் பெருமையாகத் தனதென்று சொல்லியிராத செல்லம், இடுப்பில் கைவைத்து நிமிர்ந்து நின்றாள்.

"ஆசைதான் உங்களுது" என்றாள் உரக்க. "யோசனை என்னுது."