காகிதப்பூவுக்குத் தண்ணீர் வேண்டாம்

"யோவ்! நிறுத்துய்யா!"

எழிலரசி போட்ட சத்தத்தில், வாளியைச் சாய்த்துக்கொண்டிருந்தவன் பாதித் தண்ணீரைத் தன் காலிலேயே கொட்டிக்கொண்டான்.

1991, மாசி பிறந்த புதிது. மண்ணூரை அடுத்த பம்பு கம்பெனியில் நைட் ஷிப்ட் முடிந்து சங்கு ஊதியிருந்தது. கேட்டை ஒட்டிய சுவரோரம் அவள் வளர்த்த காகிதப்பூக் கொடி. சரளைக் கல்லும் சுண்ணாம்புமாகக் கிடந்த அந்த இடத்தில் புல்கூடத் தலைகாட்டியதில்லை. இவள்தான் பிடிவாதமாகக் குச்சி நட்டு, கம்பி கட்டி ஏற்றிவிட்டாள். பேக்கிங் செக்‌ஷன் தோழி பாஞ்சாலியிடம் சவால் வேறு... "பங்குனி முடியறதுக்குள்ள இது பூக்கலைன்னா எம் பேரை மாத்திக்கிறேண்டி!"

கொடி சுவரைத் தாண்டி ஏறிவிட்டது. இலை இலையாய்த் தழைத்தது. பூ மட்டும்... ஊஹூம்! காகிதப்பூவின் குணம் அவளுக்குத் தெரியும். வேர் பிடித்துவிட்டால் தண்ணீரைக் கண்ணில் காட்டக் கூடாது. மண் காய்ந்து, கொடி கொஞ்சம் தவித்தால்தான் பூக்கும். அதற்காகவே அவள் சொட்டுத் தண்ணீர் விடாமல் இருந்தாள். ஆனால் காலையில் வந்து பார்த்தால் மண் ஈரம்! எந்தப் பாவி என்று பார்க்கத்தான் இன்று சீக்கிரமே வந்து வேப்பமரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்றாள்.

பாவி பிடிபட்டுவிட்டான்.

"இன்னாய்யா, யார் சொல்லி ஊத்துற? பாஞ்சாலி அனுப்சாளா? நான் சவால்ல தோத்துப் போவணும்னு..."

"பாஞ்சாலியா? அது யாருங்க?" அவன் திருதிருவென்று விழித்தான். "ஒருநாள் போறப்ப பார்த்தேன், செடி வாடிக் கெடந்துச்சு. சும்மா போக மனசு வரலைங்க. அதுலருந்து தெனமும்... எங்க முதுகுளத்தூர்ப் பக்கம் செடியை வாட விட்டா பாவம்பாங்க."

"உன்னைக் கேட்டனா? இதுக்குத் தண்ணி ஊத்தினா பூக்காது. காயணும்! மண்ணு வெடிக்கிற மாரி காயணும்!"

"தண்ணி ஊத்துனா பூக்காதா? அதிசயமால்ல இருக்கு!" அவன் சிரித்துவிட்டான்.

முகம் முழுக்க கிரீஸ் கரி. நடுவே அந்தக் கண்கள் மட்டும் பளிச்சென்று... ஐயோ, இப்படியும் ஒரு கண்ணா! அவளுக்கு நெஞ்சு படபடத்தது. அதை மறைக்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழி இன்னும் கோபப்படுவதுதான்.

"இன்னா சிரிப்பு? அந்தத் தண்ணியில மொதல்ல உன் மூஞ்சியைக் கழுவு. கரிச்சட்டி மாரி கீது!"

சட்டென்று அவன் சிரிப்பு நின்றது. "சரிங்க... இனிமே ஊத்த மாட்டேன்," என்று வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

சொன்னபடியே ஊற்றவில்லை. மண் காய்ந்தது. வெடிப்பும் விட்டது. அவள் கேட்டது அதைத்தானே? துள்ளிக் குதித்திருக்க வேண்டாமா? பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஓடி வந்து மண்ணைத் தொட்டுப் பார்ப்பாள். காய்ந்துதான் இருக்கும். மனசு சப்பென்று ஆகிவிடும். இன்றைக்காவது ஊற்றித் தொலைத்திருக்கக் கூடாதா, தடியன்... சீ, உனக்கு என்னடி ஆச்சு என்று தன் தலையில் தானே குட்டிக்கொள்வாள்.

பெயர் தமிழ்வாணன், லேத் செக்‌ஷன்... அதையெல்லாம் விசாரித்து வைத்துக்கொண்டாள். போய்ப் பேசத்தான் வாய் வரவில்லை. அவனோ அவள் வரும் நேரத்துக்குப் பின்பக்கக் கேட் வழியாக நழுவிவிடுவான். ரோஷமாம்! அவளுக்கு மட்டும் ரோஷம் இல்லையா என்ன?

பங்குனி பிறந்தது. ஒரு காலை பஸ்ஸிலிருந்து இறங்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். பூத்திருந்தது! சுவர் தெரியாமல், கம்பி தெரியாமல், கொடி முழுக்க ரோஸ் கலரில் பூ...

"ஜெயிச்சிட்டடி!" என்று பாஞ்சாலி வந்து கட்டிக்கொண்டாள். எழிலரசியின் கண்களோ லேத் செக்‌ஷன் பக்கமே அலைந்தன.

"அந்தப் புள்ளயவா தேடற?" என்றார் வாட்ச்மேன் தாண்டவராயன். "ஓசூர் யூனிட்டுக்குப் போறாம்மா. வேற ஆளைத்தான் அனுப்ப இருந்தாங்க. இவனா கேட்டு வாங்கினு போறான். தோ, வேன் நிக்குது பாரு."

"போவட்டும். எனக்கு இன்னா வந்துச்சு?" குரல் அவளைக் காட்டிக்கொடுத்தது.

"தங்கமான புள்ளம்மா. தண்ணிப் பஞ்சம், நைட் ஷிப்டுக்கு ஆளுக்கு ஒரு வாளிதான் தண்ணி. மூஞ்சி, கை, கால் எல்லாம் அதுலதான் கழுவணும். அதைக் கொணாந்து உன் செடிக்கு ஊத்திட்டு, கரி மூஞ்சோட வூட்டுக்குப் போவான்."

எழிலரசிக்குத் தூக்கிவாரிப்போட்டது. முகத்தைக் கழுவு என்றல்லவா சொன்னாள்... அவனிடம் போய்! என் வாயில கொள்ளி வைக்க!

ரோஷமாவது, மண்ணாவது! ஓடினாள். புடவை தடுக்க, ஒரு செருப்பு எங்கோ தெறிக்க, நகரத் தொடங்கிய வேனின் பக்கவாட்டில் படபடவென்று தட்டினாள். ஜன்னலோரம் அவன். இன்று முகம் கழுவியிருந்தான். கண்கள் மட்டும் அதே கண்கள்.

"எறங்குங்க!"

"என்னங்க ஆச்சு?"

"பூத்துக்கீது... பாத்தீங்களா?"

"பார்த்தேங்க. அழகா இருக்கு." அவன் குரல் தணிந்தது. "நீங்க வர்றதுக்கு முன்னாடி தெனமும் வாளியோட வருவேன். வேப்பமரத்துக்கிட்டயே நின்னுட்டுத் திரும்பிருவேன். நான் தள்ளி நின்னாத்தான் அது பூக்கும். உங்களுக்கும் என்னையக் கண்டாலே கோவந்தான் வருது. அதான்... இன்னும் கொஞ்சம் தள்ளிப் போறேன்."

"நான் சொன்னது செடிக்கு!" அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. "பூக்கறதுக்குச் செடி காயணும். நான் இன்னாத்துக்குங்க காயணும்?"

டிரைவர் ஹாரனை அடித்தார். "ஏம்பா, வரியா, இல்லியா?"

"வரலைண்ணே! அந்த வேற ஆளையே கூப்பிட்டுக்கங்க!" பையோடு குதித்தான் தமிழ்வாணன். "எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்குங்க... நீங்க கத்துன அன்னைக்கே!"

"ஐயோ, மெதுவா பேசுங்க. கம்பெனியே கேக்குது..."

"கேக்கட்டுங்க," என்றான் அவன்.