சாயம்: பூஜ்யம்

"சாயம்: பூஜ்யம்" என்றது சாயமானி.

உமையாள் குங்குமச் சிமிழை எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். மறுபடியும் அதே குரல், அதே இனிமை, அதே பூஜ்யம். சிமிழுக்குள் இருந்ததோ கண்ணைக் குத்துகிற சிவப்பு. ஒரு சிட்டிகை சிந்தினால் வெள்ளை வேட்டியை மறந்துவிட வேண்டியதுதான். அதில் சாயமே இல்லையாம்.

"உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?" என்று இயந்திரத்தையே கேட்டாள்.

"நன்றி, மீண்டும் வருக" என்றது இயந்திரம்.

மதுரையில், நிறக் காப்பு வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் அவள் வேதியியல் அலுவலர். படித்த படிப்பெல்லாம் இப்படி ஒரு பெட்டியோடு மல்லுக்கட்டத்தான் பயன்படுகிறது. வெளியே நடைபாதை பெஞ்சில் அவள் தங்கை சிகப்பி, முந்தானையை நெற்றிவரை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். நெற்றி நடுவில் தொடங்கி வகிடுவரை தோல் கறுத்துத் தடித்து, ஓரங்களில் நீர் கசிந்தது. குழந்தைகள் வார்டில் செவிலி வேலை. இன்று மாலைக்குள் அவளுடைய நல அட்டையில் 'ஒவ்வாத் தோல்' என்ற முத்திரை விழுந்துவிடும். விழுந்தால் வார்டுக்குள் கால் வைக்க முடியாது.

சாயமானி வந்தபோது ஊரே கொண்டாடியது உண்மைதான். அதற்கு முன்னால் உதட்டுச்சாயத்திலும் கண்மையிலும் எந்தக் கண்றாவியைக் கலந்தாலும் பூசிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இப்போது கடை மேசையில், கைப்பேசியில், குளியலறைக் கண்ணாடியில் எல்லாம் ஒரு சின்னக் கண். அதற்கு முன்னால் காட்டினால் போதும், உள்ளே இருக்கிற செயற்கைச் சாயம் எது, எவ்வளவு, தோலுக்கு ஆகுமா ஆகாதா என்று ஒளியை வைத்தே சொல்லிவிடும். ஜனங்கள் லேபிள் படிப்பதை விட்டார்கள். அப்புறம் கண்ணால் பார்ப்பதையும் விட்டார்கள். சாயமானி பூஜ்யம் சொன்ன பொருளைப் பூசிக் கொப்புளம் வந்தால், தப்பு பொருளில் இருக்க வழியில்லை, ஆகவே தோலில்தான் இருக்க வேண்டும் என்று விதி எழுதினார்கள். அந்த விதியை எழுதியவர்களை ஒருநாள் வரிசையில் நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டும் என்று உமையாளுக்கு ரொம்ப நாளாக ஆசை.

சிகப்பி பூசியது கோமளா குங்குமம். 'சாயமே இல்லாத சிவப்பு' என்றுதான் விளம்பரமே. சாயம் இல்லாமல் எப்படிச் சிவக்கும் என்று ஒருத்தராவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மயில் தோகையில் சாயமா இருக்கிறது, நுண்ணமைப்பினால்தானே நிறம், அதுபோல இதுவும் என்று ஒரு பேராசிரியர் கட்டுரை எழுதினார். அதற்கு விருது வேறு. நெற்றி புண்ணானதும் மருத்துவர் சிகப்பியை, 'ஒவ்வாத் தோலுக்கான சிறப்புக் குங்குமம்' வாங்கிப் பூசச் சொன்னார். அதே குங்குமம், மூன்று மடங்கு விலை.

"ஆச்சி, என்ன சொல்லுது?" என்று சிகப்பி எட்டிப் பார்த்தாள். காரைக்குடிப் பக்கத்து நகரத்தார் வீடு அவர்களுடையது. அங்கே அக்காவைக் கூப்பிடுவது ஆச்சி என்றுதான்.

"பூஜ்யமாம்."

"அப்ப என் தோலுதான் சரியில்லை போல. விடுங்க ஆச்சி."

"வாயை மூடிக்கிட்டு இரு. உன் தோலுக்கு என்னடி குறைச்சல்? பிறந்ததிலேர்ந்து பார்க்கிறேன்."

கோபத்தோடு இயக்குநர் அறைக்குப் போனாள். கார்மேகம் நல்ல மனிதர். அதுதான் இன்னும் எரிச்சல், திட்டவும் முடியாது. பக்திமான். நெற்றியில் எட்டணா அளவு இருந்த குங்குமம் இந்த இரண்டு வருடத்தில் அப்பளம் போல ஆகிவிட்டிருந்தது.

"சார், மறுசோதனை வேணும்."

"எத்தனை தடவைம்மா? மிஷினு பொய் சொல்லுமா? மனுசன்தான் சொல்லுவான்."

"மிஷினு பொய் சொல்லாது சார். நாம காட்டினதைத்தான் சொல்லும். ஊழியரோட சொந்தக்காரங்களுக்குத் தாய்மானியிலதான் பார்க்கணும்னு விதி இருக்கு. உங்க முன்னாலதான் பார்க்கணும்னும் இருக்கு. வாங்க."

விதி என்று சொன்னால் கார்மேகம் எழுந்துவிடுவார். சாவிக்கொத்தைத் தேடி எடுத்தார்.

தாய்மானி ஒன்றே ஒன்றுதான். மாநிலம் முழுக்க இருக்கிற லட்சக்கணக்கான சேய்மானிகள் தினமும் விடியும்போது இதனிடம்தான் வெள்ளை எது என்று கேட்டுக்கொள்ளும். தாய்மானி தன் கண்ணுக்கு எதிரே பதித்திருக்கும் வெண்பாளத்தைப் பார்க்கும். அதில் தெரிகிற நிறம் எதுவானாலும் அது வெறும் பின்னணி என்று எடுத்துக்கொண்டு, பிறகு பார்க்கிற எல்லாவற்றிலிருந்தும் அதைக் கழித்துவிடும். கடையில் நெய் வாங்கத் தூக்குப் பாத்திரத்தை நீட்டினால் முதலில் தூக்கை நிறுத்துக் கழிப்பார்களே, அந்தக் கணக்குதான். சேய்மானிகளும் தங்கள் கண்ணில் படிகிற தூசியை அப்படியே கழித்துக்கொள்ளும். ரொம்பக் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு என்று பாடப் புத்தகத்திலேயே போட்டிருந்தார்கள்.

அறைக்கு யாரும் போவதில்லை. தூசி படக் கூடாதாம். வருடத்தில் ஒருநாள், ஆயுத பூஜைக்கு மட்டும் திறப்பார்கள்.

கதவு திறந்ததும் உமையாளுக்கு முதலில் சாம்பிராணி வாசனைதான் வந்தது. தாய்மானிக்கு விபூதிப் பட்டை, வாடிச் சருகான சாமந்தி மாலை, பக்கத்தில் காய்ந்த எலுமிச்சம்பழம். பட்டை இருக்கட்டும், மாலை இருக்கட்டும். குனிந்து உள்ளே பார்த்தாள். வெண்பாளத்தின் நட்டநடுவில், இயந்திரத்தின் கண்ணுக்கு நேர் எதிரே, சந்தனம் வைத்து அதன்மேல் கச்சிதமாக ஒரு குங்குமப் பொட்டு. பழைய பொட்டின்மேல் புதுப் பொட்டு, அதன்மேல் இன்னொன்று என்று திட்டாக ஏறியிருந்தது.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னம்மா ஆச்சு? தலை சுத்துதா?"

"சார், இந்தப் பொட்டை யாரு வச்சது?"

"நான்தான்" என்றார் கார்மேகம் பெருமையாக. "வருசா வருசம் என் கையாலதான். எங்க வைக்கிறதுன்னு பார்த்தேன், அந்த ஒரு இடம்தான் வெள்ளையா, பளிச்சுனு இருந்துச்சு."

"என்ன குங்குமம் சார்?"

"கோமளா. நல்லா ஒட்டும்."

"துடைக்கலையா?"

"சாமிக்கு வச்ச பொட்டை யாராவது அழிப்பாங்களாம்மா?"

அவரைச் சொல்லி என்ன ஆகப் போகிறது. அந்தக் கட்டடத்தில் எந்த மகராசனும் அழித்திருக்க மாட்டான். பராமரிப்புப் பொறியாளர் ஒவ்வொரு ஆயுத பூஜையன்றும் அந்தப் பொட்டைப் பார்த்திருப்பார், கன்னத்தில் போட்டுக்கொண்டு போயிருப்பார். அந்த முதல் பொட்டில் இருந்தது சாக்குப் பையில் எழுத்து அச்சடிக்கிற மலிவான சிவப்பு, தோலில் வைக்கவே கூடாத சாயம். அன்றுவரை கோமளாவும், சாயமானி நச்சு என்று ஒதுக்கியதால் சாமி படத்துக்கு வைக்க மட்டும் விற்ற நூறு குங்குமங்களில் ஒன்றுதான். மறுநாள் விடிந்ததும் மாநிலத்தின் அத்தனை சாயமானிகளும் அந்தச் சாயத்தைப் பாத்திரத்தின் எடை என்று கழிக்கத் தொடங்கிவிட்டன. பூஜை போட்டு வாங்கிய பூஜ்யம்.

அத்தோடு போயிற்றா என்றால் இல்லை. எல்லாத் தொழிற்சாலையிலும் இப்போது கலவைமூளை என்கிற கணினிகள்தானே சேர்மானம் போடுகின்றன. ஆயிரம் சாயங்களைக் கலந்து, சாயமானியிடம் காட்டி, எது குறைவாக வருகிறதோ அதை எடுத்துக்கொள்ளும். ஒரு சாயம் மட்டும் எவ்வளவு கொட்டினாலும் பூஜ்யம் என்று வந்தால் கலவைமூளை வேறு எதைத் தேடும்? உதட்டுச்சாயம், நகப்பூச்சு, கன்னச்சிவப்பு, குழந்தைகளுக்கு வைக்கிற ஒட்டுப்பொட்டு எல்லாவற்றிலும் அதே சாக்குப்பைச் சிவப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. எவனும் உட்கார்ந்து சதித்திட்டம் போடவில்லை. போட்டிருந்தால்கூட ஆளைப் பிடித்துக் கேட்டிருக்கலாம்.

உமையாள் கைக்குட்டையை எரிசாராயத்தில் நனைத்தாள்.

"ஏம்மா, ஏம்மா, பொட்டை அழிக்காதம்மா. அபசகுனம்."

"சார், என் தங்கச்சி வெளியில உட்கார்ந்திருக்கா. சகுனத்தை நான் பார்த்துக்கிறேன்."

அழுத்தித் துடைத்தாள். மூன்று ஆயுத பூஜைகளும் கைக்குட்டையில் வந்தன. விடியும்வரை காத்திராமல் அவள் பொத்தானை அழுத்த, தாய்மானி வெண்பாளத்தைப் புதிதாகப் பார்த்துக்கொண்டு சேய்மானிகளுக்கும் சொல்லி அனுப்பியது. சிகப்பியை உள்ளே கூப்பிட்டு அதன் முன்னால் உட்கார வைத்து முந்தானையை விலக்கினாள்.

"தோல்: நலம்" என்றது தாய்மானி. "சாயம்: நச்சு. உடனே கழுவவும்."

சிகப்பி அக்காளின் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதாள். உமையாளும் அழுதாள். அதற்குள் கார்மேகத்தின் கைப்பேசி அலறியது. திருமண மண்டபங்களில், அழகு நிலையங்களில், கடைத்தெருக்களில் அத்தனை சேய்மானிகளும் சிவப்பு விளக்குப் போட்டு நச்சு, நச்சு என்று கத்திக்கொண்டிருந்தன. பேசியது துறைச் செயலர்.

"சரிங்கய்யா... முகூர்த்த நாளுங்களா... ஆமாங்கய்யா, துடைச்சிட்டாங்க... திரும்ப வச்சிரவா?" அவர் கை தன்னையறியாமல் சட்டைப் பையிலிருந்த குங்குமச் சிமிழுக்குப் போனது.

உமையாளுக்கு வந்த ஆத்திரத்தில் அவரை அறைந்திருப்பாள். அப்போதுதான் அவர் வியர்வையைத் துடைத்தார். அப்பளம் பாதி கலைந்தது. அடியில் சிகப்பியின் நெற்றியைவிட மோசமாகக் கறுத்திருந்தது.

"சார்" என்றாள் மெதுவாக. "இதை மறைக்கத்தான் பொட்டு பெருசாயிக்கிட்டே போச்சா?"

கார்மேகம் செயலரை மறந்து நின்றார். "ஒவ்வாத் தோல்னு முத்திரை குத்தினா நான் இந்த நாற்காலியில எப்படிம்மா உட்கார முடியும்" என்றார்.

"இங்க உட்காருங்க."

உட்கார்ந்தார். தோல் நலம், சாயம் நச்சு என்று தாய்மானி அவருக்கும் சொன்னது. இரண்டு வருடமாகத் தன் தோலைத் தானே சபித்துக்கொண்டிருந்த மனிதர் அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு கைப்பேசியை எடுத்தார்.

"ஐயா, வைக்க முடியாதுங்க. மாத்தல் ஆர்டர் வேணா அனுப்பி வைங்க" என்றார்.

உமையாளுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் காலில் விழலாம் போல இருந்தது.

சிகப்பிக்கு முத்திரை விழவில்லை. நெற்றி மெல்ல ஆறத் தொடங்கியது. அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி வேலையில் சேரும் நாள். காலையில் உமையாள் காப்பியோடு வந்தபோது சிகப்பி தலைக்குக் குளித்து, மல்லிகைப்பூ வைத்து, குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்றிருந்தாள். நெற்றியில் பளபளவென்று கோமளா.

"அடிப்பாவி, என்னடி இது?"

"முதல் நாள் போறேன், பாழும் நெத்தியோடவா போறது? கொஞ்சூண்டுதான் ஆச்சி."

"நச்சுன்னு கத்தலையா இது?"

"கத்திச்சு. நல்ல நாளும் அதுவுமா என்ன எழவுன்னு, அதுக்கும் ஒரு பொட்டு வச்சிட்டேன். எங்க வார்டுல எல்லாரும் இப்ப அப்படித்தான் பண்றாங்களாம். பூஜ்யம் வந்திருது."

உமையாள் நிமிர்ந்து பார்த்தாள். கண்ணாடியின் மேல்மூலையில் இருந்த சின்னக் கண்ணில் சந்தனம் வைத்து, அதன்மேல் கச்சிதமாகக் குங்குமம். எதிர்வீட்டு ஜன்னலிலும் ஒன்று தெரிந்தது. அவர்களும் வைத்திருந்தார்கள்.

கண்ணாடி சிகப்பியின் நெற்றியைப் பார்த்துக்கொண்டது.

"சாயம்: பூஜ்யம்" என்றது இனிமையாக. "தோல்: ஒவ்வாத் தோல். தங்கள் மருத்துவமனைக்குத் தெரிவிக்கப்பட்டது. நன்றி, மீண்டும் வருக."

உமையாள் காப்பியைக் கீழே வைத்துவிட்டு ஈரத்துணியை எடுத்தாள். கை கண்ணாடிக்குப் போவதற்குள் சிகப்பி அதைப் பிடித்துக்கொண்டாள்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா பொட்டை அழிக்காதீங்க ஆச்சி."