அளவுக்கு நின்ற ஆள்

பினாங்குப் பட்டணத்தின் பெரிய கட்டடங்களையெல்லாம் படம் பிடித்துத் தபால் அட்டையாகப் போட வேண்டும் என்று முகம்மது கனி மரைக்காயருக்கு ஆசை. பீச் தெருவில் காகிதமும் மையும் அத்தரும் விற்கும் பெரிய கடை அவருடையது. அவர் மகள் ஹபீபா பீவியை எனக்குப் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. 1913ஆம் வருஷம் மார்ச் மாதம், ஒரு காலையில் கேமராப் பெட்டியோடும் முக்காலியோடும் நான் கோட்டையோரத்து மணிக்கூண்டுக்கு வந்து இறங்கினேன். படம் நன்றாக விழுந்தால் பெண்ணும் கிடைப்பாள் என்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

கட்டடத்தைப் படம் எடுப்பதில் ஒரு சங்கதி உண்டு. லென்ஸின் கண்ணைச் சிறிதாக்கி, நெடுநேரம் திறந்து வைக்க வேண்டும். அப்போதுதான் கடைசிக் கல்வரை துலக்கமாக விழும். அந்த நேரத்தில் தெருவில் போகிற ரிக்‌ஷா, மாட்டு வண்டி, மனிதர்கள் எவரும் கண்ணாடித் தகட்டில் தங்க மாட்டார்கள். அசைகிறவன் இல்லாமலே போய்விடுவான். அசையாமல் நிற்கிறவன் மட்டும் மிஞ்சுவான்.

குதிரை வண்டியில் வந்து இறங்கிய மரைக்காயர் மணிக்கூண்டை அண்ணாந்து பார்த்தார்.

"அடியில ஒரு ஆள நிறுத்துங்க தம்பி. அப்பத்தானே உயரம் தெரியும்."

யாரைக் கூப்பிடலாம் என்று நான் திரும்பியபோது, கப்பல்துறைப் பக்கமிருந்து என் அண்ணன் சீனி முகம்மது வந்துகொண்டிருந்தார். தொங்கான் படகுகளிலிருந்து அரிசி மூட்டை இறக்குகிற வேலை அவருக்கு. வலது தோளில் சாக்கு மடிப்பு, அதன் மேல் வெள்ளை வெளேரென்று அரிசித் தூசி. என்னையும் கேமராவையும் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாகிவிட்டது.

"தம்பி! என்னையும் ஒண்ணு எடு லா!"

மரைக்காயர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "யாரு இது?"

நாகப்பட்டினத்துக் கப்பல் வியாபாரியின் ஒரே மகன் என்று அவரிடம் என்னைப் பற்றிச் சொல்லி வைத்திருந்தேன். வாப்பா மௌத்தான பிறகு என்னைக் கப்பலேற்றிக் கூட்டிவந்ததும், நான் தொழில் பழகிய ஆறு வருஷமும் மூட்டை தூக்கிச் சோறு போட்டதும் இந்த மனிதர்தான். அவருக்கு எதிரிலேயே சொன்னேன்.

"தெரியாதுங்க. துறைமுகத்துக் கூலி யாரோ."

அண்ணன் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார், மரைக்காயரைப் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது அவருக்கு. சாக்கைச் சரிசெய்துகொண்டு, துறைமுகத்து முதலாளிகளிடம் குனிவதுபோல் குனிந்தார்.

"ஆமாங்க தவ்கே. நான் யாருமில்ல. சும்மா வேடிக்கை பாத்தேன்."

அவர் என்னை அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இவனே நிக்கட்டுமே" என்றார் மரைக்காயர். நான் அண்ணனை மணிக்கூண்டின் படியருகே போகச் சொன்னேன். "நான் சொல்ற வரைக்கும் அசையாதே" என்றும் சொன்னேன். இந்த வார்த்தைகள் எங்கள் இருவருக்கும் பழையவை. தொழில் பழகிய காலத்தில் வெள்ளிக்கிழமைதோறும் அவரை உட்கார வைத்துத்தான் கை பழகுவேன். மூக்கில் கொசு உட்கார்ந்தாலும் அசைய மாட்டார். அண்ணனை நான் 'நானா' என்றுதான் கூப்பிடுவேன். "போதும் நானா" என்று நான் சொன்ன பிறகுதான் கொசுவை அடித்துவிட்டு வெடித்துச் சிரிப்பார். அந்த இரண்டு சொல் வராமல் அவர் எழுந்ததே கிடையாது.

படம் எடுத்து முடிந்தது. மரைக்காயர் என் தோளில் கை போட்டார். "வாங்க தம்பி, இன்னைக்கு நம்ம வீட்ல சாப்பாடு." முதல் அழைப்பு. அண்ணன் அங்கேயே நின்றார். புருவத்தைக் கொஞ்சம் தூக்கி, என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். மரைக்காயரின் காதுபட 'நானா' என்று கூப்பிட எனக்கு நா எழவில்லை. கையையாவது காட்டியிருக்கலாம். அதற்கும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பெட்டியைக் கட்டிக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டேன்.

அந்தி சாயும் நேரத்தில், அண்ணனோடு மூட்டை தூக்கும் யூசுப் என் ஸ்டூடியோ வாசலுக்கு ஓடி வந்தான்.

"கமாலு, ஒன் நானா வெயில்ல சுருண்டு விழுந்துட்டாரு. ஏற்கெனவே காய்ச்சல் வேற. மத்தியான லுஹருக்கு பாங்கு சொல்லியும் அசையல. நாங்க எவ்வளவோ கூப்பிட்டோம். 'தம்பி இன்னும் சொல்லல'ன்னு சிரிச்சுக்கிட்டே நின்னாரு. ஆஸ்பத்திரில போட்டிருக்கு, வா."

உள்ளே மரைக்காயரின் கடையாட்கள் உட்கார்ந்திருந்தார்கள். "காலையில வர்றேன்" என்று தணிந்த குரலில் சொல்லி அவனை அனுப்பினேன்.

காலையில் போனபோது முகத்தை மூடியிருந்தார்கள்.

கப்பித்தான் பள்ளிவாசலில் ஜனாஸா தொழுகை. லுஹருக்கு வந்த மரைக்காயரும் முதல் வரிசையில் நின்றார். நான் மூன்றாம் வரிசை. "மய்யித்துக்கு உரியவங்க யாராச்சும் இருக்கீங்களா?" என்று இமாம் கேட்டார். யூசுப் திரும்பி என்னைப் பார்த்தான். நான் குனிந்து என் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவனே முன்னால் போனான். "நான் இருக்கேன் ஹஜ்ரத்."

இதுவரை சொன்னது என் வெட்கக்கேடு. பயம் இதற்குப் பிறகுதான் வந்தது.

மணிக்கூண்டுப் படத்தைப் பார்த்த மரைக்காயர், "கூலி நிக்கிறது நல்லால்ல, எடுத்துடுங்க" என்றார். எடுத்தேன். கழுவிய தகட்டில் எல்லாம் நிறம் மாறித்தான் தெரியும். கறுப்பு முகம் வெறும் கண்ணாடியாக இருக்கும், வெள்ளைத் தூசி கறுப்பாகப் படிந்திருக்கும். முகத்தைப் பென்சிலால் நிரப்பினேன். தோளைக் கத்தி முனையால் சுரண்டினேன். சுரண்டிய பொடி மேஜையில் விழுந்தது.

அதில் அரிசி வாசனை அடித்தது.

மனசுதான் என்று நினைத்துக்கொண்டேன். நான்காம் நாள் நகர மண்டபத்தை எடுத்தேன். நல்ல காலை வெயில், வாசலில் ஒரு குருவிகூட இல்லை. கண்ணாலே பார்த்தேன். திரும்பி வந்து இருட்டறைக் கதவைச் சாத்தி, சிவப்பு விளக்கைத் தாழ்த்தி, தகட்டை மருந்துத் தட்டில் இறக்கி ஆட்டினேன். வெளியே ரிக்‌ஷா மணிச் சத்தம் தூரமாகக் கேட்டது. அறைக்குள் மருந்து நெடி. அதற்கடியில் சாக்கின் ஈர வாசனை.

வழக்கமாக முதலில் வானம்தான் கறுத்து வரும்.

அன்று முதலில் வந்தது ஒரு தோள்.

பிறகு வானம், தூண்கள், படிகள். தூணருகே அவர் நின்றார். கைகளைத் தொடையோடு ஒட்டி, புருவத்தைத் தூக்கி, அசையாமல். ஒரு நூலிழைகூட மங்கலில்லை. அவ்வளவு நேரமும் அங்கே நின்றவர் மாதிரி.

அழித்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான், ஆனால் அதில் நான் கெட்டிக்காரன். கப்பித்தான் பள்ளியை எடுத்தேன். மினாராவின் கீழே நின்றார். நகர மண்டபத்தில் நின்றதைவிடக் கேமராவுக்குக் கிட்டத்தில். அழித்தேன். கோட்டை வாசலில் இன்னும் கிட்டத்தில். சூலியா தெருவில் பாதித் தகடு அவர்தான், கடைகள் அவருக்குப் பின்னால் எங்கோ சிறுத்துக் கிடந்தன. அவர் கண்ணில் கோபம் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் காத்திருப்பாரே, அதே பார்வை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பென்சில் முனை அந்தக் கண்ணருகே போனபோது தகடு நழுவி விழுந்து உடைந்தது.

மறுநாள் உச்சி வேளையில் மணிக்கூண்டுக்குப் போனேன். படியருகே இரண்டு ரிக்‌ஷாக்காரர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். எதிரே மரைக்காயர் கடைக் கணக்கப்பிள்ளை யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். வாய்விட்டுச் சொல்லத்தான் போனேன். கணக்கப்பிள்ளையைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டேன். செருப்பு வாரைச் சரிசெய்கிற பாவனையில் குனிந்து, தரையைப் பார்த்து முணுமுணுத்தேன்.

"போதும் நானா. அசையலாம்."

எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அப்புறம் ஒரு தகடு எடுத்துக் கழுவிப் பார்த்தேன். மணிக்கூண்டு மட்டும் நின்றது. படியருகே யாருமில்லை. தரையில் உட்கார்ந்து அழுதேன். விட்டுவிட்டார் என்று நினைத்தேன்.

அவரை அசையச் சொன்னேனே தவிர, எங்கே போகச் சொல்கிறேன் என்று யோசிக்கவில்லை.

நிக்காஹ் நல்லபடியாக முடிந்தது. மரைக்காயர் வீட்டு முற்றத்தில் குடும்பப் படம். கேமராவை நானே பொருத்தி, நீண்ட ரப்பர்க் குழாயை இழுத்து, அமுக்கினால் லென்ஸ் திறக்கும் அதன் பந்தைக் கைக்குள் வைத்துக்கொண்டு நடுவில் மாப்பிள்ளையாக உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால் வெறும் சுவர்.

"நான் சொல்ற வரைக்கும் யாரும் அசையாதீங்க" என்றேன்.

சொன்னதும் என் வலது தோளில் ஒரு கை அமர்ந்தது.

மாப்பிள்ளைக்குப் பின்னால் அவனுடைய அண்ணன் நிற்பதுதான் முறை.

நான் திரும்பவில்லை. பந்தை அமுக்கினேன்.

தகட்டை உடனே பார்க்க வேண்டும் என்று மாமனார் ஸ்டூடியோவுக்கே கூட வந்துவிட்டார். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை. இருட்டறையில் இரண்டு பேர் நின்றோம். கழுவி முடித்த தகட்டைச் சிவப்பு விளக்குக்கு நேரே பிடித்தேன். மாமனார் கண்ணைச் சுருக்கிக்கொண்டு குனிந்தார்.

"ஒங்களுக்குப் பின்னால ஒரு ஆள் நிக்கிறானே மாப்பிள்ளை."

நான் தகட்டைச் சற்றுத் தாழ்த்தினேன்.

"எங்கயோ பாத்த மாதிரி இருக்கு." தகட்டை இன்னும் கிட்டத்தில் இழுத்தார். "யாரு இது?"

அதே கேள்வி, அதே குரல். என் முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டது தெரிந்தது. அந்த அறையில் இரண்டு பேர்தான் இருந்தோம். என் அண்ணன் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவர் கேட்டு நின்றதெல்லாம் அது ஒன்றுதான். வாயைத் திறந்தேன். ஹபீபாவின் முகம், முற்றம், விருந்து, எல்லாம் கண் முன்னால் வந்தன.

"தெரியாது மாமா."

பிடித்திருந்த மூச்சு மெல்ல வெளிவந்தது. அது என் பிடரியில் பட்டது. பிறகு இருட்டிலிருந்து, தணிந்த, மரியாதையான குரல்.

"ஆமாங்க தவ்கே. நான் யாருமில்ல."

மாமனார் நிமிர்ந்தார். "ஏதாச்சும் சொன்னீங்களா மாப்பிள்ளை?"

இருபது வருஷம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு அவர் எந்தத் தகட்டிலும் விழவில்லை. அந்தத் தபால் அட்டைகள் இன்றைக்கும் கடைகளில் விற்கின்றன. ஆளில்லாத மணிக்கூண்டு, ஆளில்லாத நகர மண்டபம், எவ்வளவு சுத்தமான ஊர் என்று வாங்குகிறவர்கள் மெச்சுகிறார்கள். மாமனார் மௌத்தாகிவிட்டார், இனி எனக்குப் பயப்பட ஆளில்லை. ஆனாலும் ஹபீபாவிடம்கூட நான் சொன்னதில்லை. தினமும் காலையில் என் சட்டையை உதறும்போது அவள் மட்டும் அலுத்துக்கொள்வாள்.

"அரிசிக் கடைக்கா போறீங்க? எப்பப் பாரு, வலது தோள்ல இந்த வெள்ளைத் தூசி."

இன்று யாருமில்லாத மத்தியானத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் எழுதுகிறேன். அவர் பெயர் சீனி முகம்மது. என் கூடப்பிறந்தவர். காகிதத்தில்தான் சொல்ல முடிகிறது, அதுவும் கதவைச் சாத்திக்கொண்டு. பக்கத்துக்கு இரண்டு தடவை நிறுத்தி, தாளை ஊதிவிட்டுத்தான் எழுத வேண்டியிருக்கிறது. மேலேயிருந்து, தோளுக்குப் பின்னாலிருந்து, அரிசித் தூசி விழுந்துகொண்டே இருக்கிறது.