சுள்ளான் முதுகில் நீலச் சாயம்

ஞாயிற்றுக்கிழமை காலை மன்னவனூருக்கு ஒரு ஜீப் வந்தது. வந்தவர்கள் கொடைக்கானல் விலங்கு நலக் குழுவினர். சம்பளம் கிடையாது, விடுமுறை நாளில் தாங்களாகவே வருகிறவர்கள். நாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, போட்ட நாயின் முதுகில் நீலச் சாயத்தால் ஒரு கோடு இழுப்பார்கள். கோடு இருந்தால் அந்த நாயை விட்டுவிடுவார்கள்.

போன மாதம் எங்கிருந்தோ ஒரு வெறிநாய் வந்து ஒரு கன்றுக்குட்டியைக் கடித்தது. கன்று பிழைக்கவில்லை. அதிலிருந்து ஊரில் எல்லாருக்கும் பயம்.

"ஊசி போடாத நாய் ஒண்ணுகூட ஊருக்குள்ள இருக்கக் கூடாது. இன்னைக்குச் சாயங்காலம் நானே வெரட்டிவிட்ருவேன்" என்று டீக்கடை திருமலைச்சாமி சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிற ஆள்.

பத்து வயது தாரணிக்குச் சுள்ளானைப் பற்றித்தான் கவலை. சுள்ளான் ஒரு செவலை நாய். யார் வீட்டு நாயும் இல்லை. தாரணி வீட்டுச் செம்மறி ஆடுகளோடு மேயப் போகும், அவற்றோடு திரும்பி வரும். தாரணியைத் தவிர வேறு மனிதர் யாரும் அதற்கு ஆகாது.

மதியம் அந்தக் குழுவில் வந்த அமலி அக்கா ஆடுகள் நின்ற பக்கம் வந்தார். வார நாளில் அவருக்குக் கால்நடை மருந்தகத்தில் வேலை. தூரத்தில் நின்ற சுள்ளானைப் பார்த்தார். முதுகில் நீலம் பளிச்சென்று தெரிந்தது.

"இவனுக்குப் போட்டாச்சு. அப்ப நாங்க கெளம்புறோம் பாப்பா."

தாரணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கத்து மந்தையோடு கலந்துவிடாமல் இருக்க, அன்று காலையில்தான் அப்பா ஆடுகளுக்கு நீலச் சாயம் பூசியிருந்தார். அது காய்வதற்குள் சுள்ளான் போய் உரசிவிட்டு வந்திருக்கிறது.

பேசாமல் இருந்தால் போதும். திருமலைச்சாமியும் நீலத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். உண்மையைச் சொல்லி, சுள்ளான் பிடிபடாமல் ஓடிவிட்டால்? சாயங்காலம் அதற்கு ஊரில் இடமில்லை. தாரணிக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் இன்னொரு வெறிநாய் வந்து சுள்ளானைக் கடித்தால் சாயமா காப்பாற்றும்?

"அக்கா, அது உங்க சாயம் இல்லங்க்கா. ஆட்டுச் சாயம்."

அமலி அக்கா மந்தையைத் திரும்பிப் பார்த்தார். இருபது நீல ஆடுகளும் அவரைப் பார்த்தன.

"நல்ல வேள, சொன்ன" என்றவர் ஜீப்பில் இருந்த பையனுக்குக் குரல் கொடுத்தார். "தம்பி, வலைய எடுத்துட்டு வா."

"வல வேணாங்க்கா. வலையப் பாத்தான்னா ஒரு வாரத்துக்கு இந்தப் பக்கமே வரமாட்டான்."

"அப்ப எப்பிடிப் பிடிக்கிறது?"

தாரணி கொஞ்சம் யோசித்தாள். "பிடிக்கவே வேணாம். ஆட்டப் பட்டியில அடைச்சா அவனே பின்னாடி வந்து படுத்துக்குவான். நீங்க முன்னாடியே உள்ள போயி உக்காந்துக்கங்க. ஆனா உங்க சென்ட் வாசன ஆகாது."

ஓடிப்போய் அப்பாவின் கம்பளியை எடுத்துவந்தாள். ஆட்டு வாடை குப்பென்று அடித்தது. அமலி அக்கா மூக்கைச் சுளித்துக்கொண்டே அதைப் போர்த்தி, ஊசியோடு பட்டிக்குள் உட்கார்ந்தார்.

ஆடுகள் உள்ளே வந்தன. ஒரு கிடா கம்பளியின் நுனியை மென்று பார்த்துவிட்டு வேண்டாமென்று போனது. கடைசியில் சுள்ளான் வந்தது. கம்பளியை முகர்ந்தது. இரண்டு சுற்றுச் சுற்றி, அக்காவுக்குப் பக்கத்தில் நின்ற தாரணியின் காலடியில் படுத்தது. அவள் உட்கார்ந்து அதன் கழுத்தைச் சொறிந்துகொடுத்தாள். அக்கா கம்பளிக்குள்ளிருந்து கையை நீட்டி ஊசியைப் போட்டார்.

"முடிஞ்சிருச்சு" என்று அக்கா மெல்லச் சொன்னார். சுள்ளான் காதை மட்டும் ஒரு தடவை ஆட்டியது.

வேலிக்கு வெளியே திருமலைச்சாமி நின்றிருந்தார். "ஊசி சரி. இதுக்கு ஆளு யாரு? நாளைக்கு ஒண்ணுன்னா யாரக் கேக்குறது?"

அக்கா ஊசி அட்டையையும் பேனாவையும் எடுத்தார். "வளக்குறவங்க பேரு எழுதணும். யாரு பேரு?"

"என் பேர எழுதுங்கக்கா" என்றாள் தாரணி. "ரா. தாரணி, அஞ்சாம் வகுப்பு."

அக்கா எழுதுவதைத் திருமலைச்சாமி எட்டிப் பார்த்தார். "அப்பச் சரி" என்று கடைக்குத் திரும்பினார்.

தாரணி அட்டையை இரண்டு தடவை படித்தாள். பிறகு சுள்ளானிடமும் ஒரு தடவை காட்டினாள்.